பங்கசில் மருந்து தேடுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் இதைக் கேட்பார்: "சேர், எங்கட வாவிக்கரைக் கண்டல் மரத்திலயிருந்து புது அன்டிபயோட்டிக் எடுக்கலாமா?" தேடலாம். அதற்கான முதல் இரண்டு, மூன்று மாத வேலையை ஒழுங்கான ஓர் ஆய்வுகூடம் இருந்தால் நம் ஊரிலேயே செய்யலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைக்கு விளங்காத எதுவும் இந்த முதல் கட்டத்தில் இல்லை. ஆனால் பற்றீரியா பரப்பிய பெற்றிக் கிண்ணத் தட்டில், பங்கசைச் சுற்றிப் பற்றீரியா வளராமல் தெரியும் ஒரு தெளிந்த வட்டத்தைப் பார்த்து மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பிவிடுவது மிகச் சுலபம். அந்த வட்டத்தை எப்படிச் சந்தேகிப்பது என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

பங்கசு ஏன்?

ஒரு சாணிக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் சாப்பாடு கொஞ்சம், சாப்பிட வருகிறவர்கள் கோடிக்கணக்கு. பற்றீரியா வேகமாகப் பெருகும், பங்கசு மெதுவாக வளரும். மெதுவாக வளர்கிறவன் பிழைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனைத் தடுக்க ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும். பங்கசு வெளியே விடும் சில இரசாயனங்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்றுதான் பொதுவாகக் கருதப்படுகிறது.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் இலண்டனில் கண்ட பெனிசிலியம் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜுசெப்பே புரோட்சுவின் கதை. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் கல்யாரி என்ற கரையோரப் பட்டினம். நகரத்துக் கழிவுநீர் அங்கே கடலில் கலக்கும். அந்த இடத்துக் கடல்நீர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வது போல அவருக்குத் தோன்றியது. 1945இல் அந்த வாய்க்கால் முகத்திலிருந்து நீர் எடுத்துத் தேடியபோது செபலோஸ்போரியம் என்ற பங்கசு கிடைத்தது. பிறகு அதை ஒக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே அதிலிருந்து செபலோஸ்போரின் சி பிரிக்கப்பட்டது. இன்று வைத்தியசாலைகளில் ஏற்றும் செபட்ரியாக்சோன், பார்மசியில் கிடைக்கும் செபலெக்சின் எல்லாம் அந்தக் குடும்பம். பெரிய வசதி இல்லாத ஒரு கரையோர ஊரிலிருந்து வந்த மருந்து அது. இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பங்கசு தந்த பட்டியல் அதோடு முடியவில்லை. தோல் புண்ணுக்குப் பூசும் பியூசிடிக் அமிலம் 1960களின் தொடக்கத்தில் வந்தது. புளூரோமியூட்டிலின் 1951இல் ஒரு காளானில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வழிவந்த லெபாமியூலின் மனிதருக்கு உள்ளே கொடுக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2019இல்தான். இடையில் 68 வருடங்கள். 2014இல் கனடாவில் மண்ணில் இருந்த ஓர் அஸ்பெர்ஜிலஸ் பங்கசிலிருந்து அஸ்பெர்ஜிலோமராஸ்மின் ஏ என்ற பொருளை எடுத்தார்கள். அது கிருமியைக் கொல்லும் பொருள் அல்ல. மருந்தை உடைக்கும் என்டிஎம் என்ற நொதியத்தைச் செயலிழக்கச் செய்து, பழைய மருந்து மறுபடி வேலைசெய்ய வழிவிடுகிறது. அதே வருடம் சுவிட்சர்லாந்தில், குதிரைச் சாணியில் வளரும் ஒரு சின்னக் காளானிலிருந்து கொப்சின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். சாணியை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

தேவை இருக்கிறதா என்று கேட்டால், 2019இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றால் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சீனி வருத்தக்காரரின் ஆறாத கால் புண்ணை வீட்டில் பார்த்த பிள்ளைக்கு இந்த எண்ணை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தொடங்குமுன் நான்கு கட்டுப்பாடுகள்

வீட்டுக் குசினியில் இதைச் செய்யாதீர்கள். பெற்றிக் கிண்ணத்தில் என்ன வளரும் என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சோறு ஆக்கும் இடத்தில் அதற்கு இடமில்லை.

வைத்தியசாலையிலிருந்தோ புண்ணிலிருந்தோ கிருமி எடுத்துவந்து பரிசோதிக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ போன்றவற்றைக் கையாள்வது அதற்கென்று பாதுகாப்பு வசதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. புதியவர்களுக்கு பசிலஸ் சப்டிலிஸ் என்ற பற்றீரியாவும், நோய் தராத ஈ. கோலை கே-12 வகைப் பற்றீரியாவும் போதும். இரண்டையும் உங்கள் மேற்பார்வையாளர் ஊடாகவே பெறுங்கள்.

கிடைக்கும் சாற்றை நாக்கில் வைப்பதும் புண்ணில் பூசுவதும் கூடவே கூடாது. பூஞ்சணம் பிடித்த பாணைப் புண்ணில் வைத்துக் கட்டிய காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதே பாணில் நச்சு விடும் பங்கசும் இருக்கும். நிலக்கடலையில் வரும் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம் அப்லடொக்சின் தரும் அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸாக இருக்கலாம், அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. பழுதான கச்சானையும் கொப்பறாவையும் மாதிரியாக எடுத்துவர வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் வித்திகள் பறக்கும் வேலையைச் செய்ய வேண்டாம். எழுதுவது, அளப்பது, படம் எடுப்பது, கணக்கு வைப்பது என்று இந்த வேலையில் பாதி அவர்களுக்கு இருக்கிறது.

மாதிரியை எங்கே எடுப்பது

எல்லோருக்கும் கண்டல்தான் வேண்டும். வாவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆனால் கண்டல் காடு பாதுகாக்கப்பட்டது. உங்கள் துறை ஊடாக வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுதி அனுமதி கிடைத்த பிறகுதான் ஓர் இலையைக்கூடப் பறிக்க வேண்டும். மாதிரியையோ பங்கசையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குச் சட்டம் தனி. "மாமா லண்டன்ல லாப்ல இருக்கார், அனுப்பிவிடவா?" என்று ஒரு பிள்ளை கேட்டார். அனுப்பக் கூடாது. நம் ஊர் உயிரினத்தின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம் அது.

அனுமதி வரும்வரை சாணியில் தொடங்குங்கள். படுவான்கரைப் பக்கம் மாட்டுப் பட்டி இல்லாத ஊர் குறைவு. பட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: "அண்ணே, மாட்டுக்குக் கிட்டடியில ஊசி மருந்து ஏதும் போட்டதா?" போட்டிருந்தால் அந்த மருந்து சாணியில் வந்திருக்கலாம், அந்தச் சாணி வேண்டாம்.

கழுவிக் காயவைத்த ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று எடுத்து, அடியில் ஈரமான டிசு விரித்து, அதன்மேல் ஒரு கைப்பிடிச் சாணியை வைத்து, மூடியை இறுக்காமல் வைத்துவிட்டு, ஆய்வுகூட யன்னலோரத்தில் விடுங்கள். நான்கைந்து நாளில் கண்ணாடி ஊசி போல நிமிர்ந்து நிற்கும் ஒன்று வரும். தலையில் கறுப்புத் தொப்பி, அதன்கீழே தண்ணீர் நிரம்பிய ஒரு குமிழ். அது பைலோபோலஸ். வெளிச்சத்தைப் பார்த்து அந்தத் தொப்பியைச் சுடும். காலையில் வந்து பார்த்தால் யன்னல் பக்கத்து மூடியில் மட்டும் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அது அடங்கியபிறகு, இரண்டாம் கிழமையில் சின்னக் கிண்ணங்களும் புள்ளிகளும் வரும். அதற்கும் பிறகு, மெல்லிய காம்போடு ஒரு காளான் ஓர் இரவில் முளைத்து, மறுநாள் பின்னேரம் கறுப்பு மையாகக் கரைந்து வழியும். கொப்சின் தந்தது இந்தக் குடும்பத்துக் காளான்தான். ஒவ்வொரு நாளும் என்ன வந்தது என்று திகதியோடு எழுதுங்கள். பிந்தி வருவனவற்றைக் கவனமாகப் பிரித்தெடுங்கள். முந்தி வந்தவர்கள் சாப்பிட்டுத் தீர்த்த இடத்தில் பிழைக்கிறவர்கள் அவர்கள், கையில் ஆயுதம் இருக்க வாய்ப்புக் கூட.

கண்டல் இலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். தில்லை மரத்தை முதலில் அடையாளம் காணப் பழகுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் எரிச்சல், பார்வையே மங்கிப்போகலாம். வாவிக்கரையில் முதலையும் உண்டு, ஆகவே அந்த இடம் தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவர் இல்லாமல் இறங்க வேண்டாம். நோயில்லாத முற்றிய இலையைக் கடதாசிப் பையில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் வேலையைத் தொடங்குங்கள்.

ஊடகம்

பங்கசு தட்டில் வளர்வதற்கான சாப்பாடுதான் ஊடகம். உருளைக்கிழங்கு 200 கிராம் தோல் சீவி, வெட்டி, தண்ணீரில் அரைமணி நேரம் அவித்து வடியுங்கள். வடித்த நீரில் குளுக்கோசு 20 கிராம், ஏகார் 15 முதல் 20 கிராம் சேர்த்து, மொத்தம் ஒரு லீற்றர் ஆக்குங்கள். ஓட்டோகிளேவ் என்ற கிருமியழிக்கும் நீராவி அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம். ஏகார் என்றதும் பயப்படவேண்டாம். காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு துறக்க வெட்டிவைக்கும் கடற்பாசிதான் அது. 1880களின் தொடக்கத்தில், ஜெர்மன் பற்றீரியா ஆய்வாளர் ரொபேர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்தவரின் மனைவி பானி ஹெசே, வெயிலில் உருகாத இனிப்புச் செய்யத் தான் பாவித்த இந்தப் பொருளைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முன் ஜெலட்டினில் வளர்த்து, அது உருகி ஓடியதில் திணறியிருக்கிறார்கள். ஆனால் பரிசோதனைக்குக் கடைக் கடற்பாசி வேண்டாம், ஆய்வுகூடத் தர ஏகாரையே பாவியுங்கள். கடையில் வாங்கும் பொதிக்குப் பொதி உப்பும் கட்டியாகும் தன்மையும் மாறும்.

கண்டல் பங்கசுக்குப் பாதி கடல்நீர், பாதி தண்ணீர் சேர்த்த ஊடகம் ஒன்றும் செய்துவையுங்கள். சில பங்கசு உப்பு இருந்தால்தான் வளரும்.

பிரித்தெடுத்தல்

நமக்கு வேண்டியது இலைக்கு உள்ளே வாழும் பங்கசு, மேலே தூசியாக ஒட்டியிருப்பது அல்ல. அதனால் இலையைக் கழுவி, 70 வீத எதனோலில் ஒரு நிமிடம், 2 முதல் 4 வீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு மூன்று நிமிடம், மறுபடி எதனோலில் அரை நிமிடம், கடைசியாகக் கிருமியழித்த தண்ணீரில் மூன்று தரம் அலசவேண்டும். அந்தக் கடைசி அலசல் தண்ணீரில் ஒரு துளியைத் தனித் தட்டில் விடுங்கள். அதில் எதுவும் வளரக்கூடாது. வளர்ந்தால் மேற்பரப்புச் சுத்தமாகவில்லை, வேலையை மறுபடி தொடங்குங்கள். பிறகு இலையை 5 மி.மீ. துண்டுகளாக வெட்டி ஊடகத்தில் வையுங்கள்.

சாணியென்றால் ஒரு கிராமைக் கிருமியழித்த 9 மி.லீ. தண்ணீரில் கரைத்து, படிப்படியாக ஆயிரத்தில் ஒன்றாக ஐதாக்கிப் பரப்புங்கள். பெட்டியில் முளைத்தவற்றைக் கிருமியழித்த ஊசியால் நேரே தொட்டும் எடுக்கலாம்.

பற்றீரியா முந்தி வந்து தட்டை மூடாமல் இருக்க, முதல் தட்டில் மட்டும் குளோரம்பெனிகோல் சேர்ப்பார்கள், லீற்றருக்கு 100 மில்லிகிராம் போல. அந்த "முதல் தட்டில் மட்டும்" என்பதை மறக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வெப்பநிலை 25 முதல் 28 பாகை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர் அறை 33ஐத் தாண்டும், பங்கசு சுருண்டுவிடும். வாடை தொடங்கிய பிறகு இந்த வேலையை வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

தட்டில் கட்டியாக, தோல்போலச் சுருங்கி, ஊசியால் கிளப்பினாலும் வராத சின்னக் கூட்டம் தெரிந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள். மூடியைத் திறக்குமுன்பே வாசம் வரும், முதல் மழைக்கு வரும் மண்வாசம். அது ஸ்ட்ரெப்டொமைசிஸ், பார்க்கப் பங்கசு போலிருக்கும் பற்றீரியா. ஸ்ட்ரெப்டொமைசின் அந்த வகையிலிருந்து வந்தது. அருமையான மருந்து மூலம்தான், ஆனால் உங்கள் தலைப்புப் பங்கசு என்றால் அதைத் தனிக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

பதினான்கு வட்டங்கள்

எனது முதல் செயற்றிட்டத்தில் 14 பங்கசுகளைப் பிரித்தேன். பசிலஸ் பரப்பிய தட்டில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு வைத்தேன். மறுநாள் காலை 14 துண்டையும் சுற்றி 14 தெளிந்த வட்டம். அன்றைக்கு நான் சைக்கிளில் வீட்டுக்குப் போனதே நினைவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அம்மா பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டார்.

மேற்பார்வை செய்த மிஸ் தட்டுகளை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, எல்லா வட்டமும் ஏன் ஒரே அளவா இருக்கு? வெறும் ஏகார் துண்டு வைச்சுப் பாத்தீங்களா?"

வைக்கவில்லை. அன்று பின்னேரமே, பங்கசு தொடாத அதே ஊடகத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்தோம். மறுநாள் அதைச் சுற்றியும் அதே வட்டம். பங்கசு எதையும் செய்யவில்லை. நான் பங்கசை வளர்த்த ஊடகத்தில் இருந்த குளோரம்பெனிகோல், துண்டோடு சேர்ந்து வந்து பசிலஸைக் கொன்றிருக்கிறது. மூன்று மாத வேலை.

மிஸ் கோபப்படவில்லை. 14ஐயும் குளோரம்பெனிகோல் இல்லாத ஊடகத்துக்கு மாற்றி, அதிலிருந்து மறுபடி புது ஊடகத்துக்கு மாற்றி, அதன்பிறகு துண்டு எடுக்கச் சொன்னார். இரண்டு வட்டம் மிஞ்சியது. அந்த இரண்டும் உண்மையானவை.

அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் காட்டுவது பங்கசு இல்லாத வெறும் தட்டுத்தான்.

வட்டச் சோதனை

பற்றீரியாச் சோதனைக்குப் பாவிக்கும் முல்லர் ஹிண்டன் ஏகார் ஊடகம் ஊற்றிய தட்டு எடுங்கள். பற்றீரியாவை உப்புநீரில் கலந்து, கலங்கல் 0.5 மக்பார்லண்ட் அளவுக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. ஒரு வீத சல்பூரிக் அமிலம் 9.95 மி.லீ.இல் 1.175 வீத பேரியம் குளோரைட்டு 0.05 மி.லீ. சேர்த்தால் வரும் வெண்கலங்கல்தான் அளவுகோல். கடதாசியில் கறுப்புக் கோடு போட்டு, இரண்டு குழாய்களையும் அதற்கு முன்னால் பிடித்து, கோடு ஒரே மாதிரி மங்குகிறதா என்று பாருங்கள். பற்றீரியா கூடினால் வட்டம் சுருங்கும், குறைந்தால் விரியும். இந்தப் படியை அவசரப்பட்டுச் செய்தவர்களின் எண்களை நான் நம்புவதில்லை.

பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில் பரப்புங்கள். பத்து நாள் வளர்ந்த பங்கசின் ஓரத்திலிருந்து 6 மி.மீ. துண்டுகளைத் தக்கைத் துளைப்பியால் வெட்டி வையுங்கள். தட்டை நாலைந்து மணி நேரம் பிரிட்ஜில் விட்டால், பற்றீரியா எழும்புமுன் பொருள் ஊடகத்தில் பரவ நேரம் கிடைக்கும். பிறகு ஓர் இரவு, ஈ. கோலைக்கு 37 பாகை, பசிலஸுக்கு 30.

ஒவ்வொரு தட்டிலும் பங்கசுத் துண்டோடு கூட இரண்டு இருக்கவேண்டும்: வெறும் ஊடகத் துண்டு ஒன்று, தெரிந்த அன்டிபயோட்டிக் ஊறிய சின்னக் கடதாசி வில்லை ஒன்று. முன்னதில் வட்டம் வரக்கூடாது, பின்னதில் வரவேண்டும். இரண்டில் ஒன்று பிழையாகப் போனால் அந்தத் தட்டில் இருக்கும் மற்ற எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொன்றையும் மூன்று தட்டில் செய்து, பின்பக்கத்திலிருந்து அளவுகோல் வைத்து, துண்டின் விட்டத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

சரி, வட்டம் வந்துவிட்டது. அடுத்த சந்தேகம் புளிப்பு. அஸ்பெர்ஜிலஸ் நைகர் போன்றவை சிற்றிக், ஒட்சாலிக் அமிலங்களை அள்ளி விடும். ஊறுகாயில் பல பற்றீரியா வளராதது போல, அந்தப் புளிப்பிலும் வளராது. துண்டு எடுத்த இடத்தில் பிஎச் கடதாசியை ஒற்றிப் பாருங்கள். 3, 4 என்று காட்டினால் அதே அளவு புளித்த வெறும் ஊடகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்டல் ஊடகம் பாவித்திருந்தால் உப்புக்கும் இதே கேள்வி.

பசிலஸ்மேல் நல்ல வட்டமும் ஈ. கோலைமேல் ஒன்றுமில்லாமலும் வந்தால் மனம் தளரவேண்டாம். ஈ. கோலை போன்ற கிராம் எதிர் பற்றீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. பல பொருள்கள் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை, போனவற்றையும் பம்பு வைத்து வெளியேற்றும். உலகத்தில் பெரிய தலையிடி கொடுக்கும் கிருமிகள் பல இந்த வகை.

வட்டத்துக்குள் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள் தனியே வளர்ந்திருந்தால் அதை அழுக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அழுக்காகவும் இருக்கலாம், அந்தப் பொருளுக்கு அடங்காத பற்றீரியாவாகவும் இருக்கலாம். பாடத்தில் படித்த எதிர்ப்புத்தன்மை அப்படித்தான் கண்முன்னே தெரியும். பெனிசிலினை உடைக்கும் நொதியத்தை ஏபிரகாமும் செயினும் 1940இலேயே எழுதிவிட்டார்கள். அப்போது பெனிசிலின் இன்னும் மருந்தாகக்கூட வரவில்லை. அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்குக் காட்டுங்கள், நீங்களாக எடுத்து வளர்க்க வேண்டாம்.

சாறு எடுத்தல், பற்றீரியாவைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு காணல்

இங்கிருந்து இரசாயனவியல் துறையின் உதவி வேண்டும். பங்கசைத் திரவ ஊடகத்தில் இரண்டு மூன்று கிழமை வளர்த்து, துணியில் வடித்து, வடிநீரைச் சம அளவு எதைல் அசற்றேட்டோடு பிரிபுனலில் மூன்று தரம் குலுக்கி, மேலே நிற்கும் படையை எடுத்து ஆவியாக்குவார்கள். எதைல் அசற்றேட்டு இலகுவில் தீப்பிடிக்கும். ஸ்பிரிட் லாம்பு எரியும் மேசையில் அதைத் திறக்கவே கூடாது.

மிஞ்சும் பிசினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 96 குழித் தட்டில் பாதி பாதியாக ஐதாக்கி, பற்றீரியா சேர்த்து, மறுநாள் ரெசசூரின் சாயம் விடுவார்கள். உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும், நீலமாகவே நிற்கும் கடைசிக் குழி உங்கள் விடை. டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியும் கட்டாயம் இருக்கவேண்டும். சுத்திகரிக்காத சாறு மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலைசெய்தால் மேலே போகலாம் என்பது பலரும் பின்பற்றும் ஒரு பொதுக்கணக்கு. வட்டத்தின் அளவை வைத்து "என் பங்கசு பெனிசிலினை விட வலியது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வட்டம் பொருள் எவ்வளவு பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. சின்ன மூலக்கூறு தூரம் ஓடும், பெரிய புரதம் துண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

பற்றீரியாவைக் கொல்வது மனிதனையும் கொன்றால் பயனில்லை. தொடக்கத்தில் செய்யக்கூடிய சோதனை ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலில். இறால் பொரிப்பகங்களிலும் அலங்கார மீன் கடைகளிலும் அதன் முட்டை கிடைக்கும். உப்புநீரில் ஓரிரு நாளில் பொரித்த குஞ்சுகளைக் குழிக்குப் பத்தாக விட்டு, சாறு சேர்த்து, 24 மணி நேரத்தில் எத்தனை நீந்துகின்றன என்று எண்ணுங்கள். பற்றீரியாவைத் தடுக்கும் அளவிலேயே பத்தும் செத்துக் கிடந்தால், நீங்கள் எடுத்தது பொதுவான நஞ்சாக இருக்கவே வாய்ப்புக் கூட. பங்கசு விடும் பட்டுலின் என்ற பொருள் அப்படித்தான். 1940களில் அதை அன்டிபயோட்டிக் என்று நம்பித் தடிமனுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று அப்பிள் சாற்றில் அது எவ்வளவுக்குமேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

பெயர் காணல்

நீலச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெனிசிலியம் துடைப்பம் போலவும் அஸ்பெர்ஜிலஸ் தலைவிரித்த பூப் போலவும் தெரியும். அதற்கு மேல் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும். அது இனத்தைக் கிட்டத்தட்டச் சொல்லும், உறுதியாக என்று எப்போதும் இல்லை. பிறகு, அந்தப் பங்கசில் ஏற்கெனவே என்னென்ன பொருள் கண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் உங்கள் பொருளை யாரோ முன்னரே கண்டிருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்த பொருள் என்று சரியாகக் கண்டுபிடித்தால், நீங்கள் ஒவ்வொரு படியையும் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கழிவு

தட்டுகள் எல்லாம் ஓட்டோகிளேவுக்குப் போய்த்தான் குப்பைக்குப் போகவேண்டும். விதிவிலக்கு இல்லை.

பங்கசைக் காப்பாற்றி வைத்தல்

பிள்ளைகள் கடைசியாக நினைப்பதும், முதல் நாளே செய்திருக்க வேண்டியதும் இது. பங்கசைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அது சோம்பிவிடும். ஐந்தாறு தரம் மாற்றியபின் வட்டமே வராமல் போன பங்கசு என்னிடமும் இருக்கிறது. சண்டைபிடிக்க யாரும் இல்லாத இடத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிடுகிறது.

அதனால் தூய வளர்ப்புக் கிடைத்த அன்றே, மூடி இறுக்கமான சின்னக் குப்பிகள் பத்தில் கிருமியழித்த தண்ணீர் 2 மி.லீ. விட்டு, ஒவ்வொன்றிலும் பங்கசு வளர்ந்த ஏகார் துண்டு நான்கைந்து போட்டு மூடிவையுங்கள். அவ்வளவுதான். பல பங்கசுகள் இப்படி வெறும் தண்ணீரில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. ஐந்து குப்பி உங்கள் ஆய்வுகூடத்தில், ஐந்து குப்பி வேறொரு கட்டடத்தில். வெள்ளம் வரும் ஊர் நமது, கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

குப்பியில் பங்கசின் எண், எடுத்த திகதி, ஊர், எந்த மரம் அல்லது யாருடைய பட்டி, எத்தனையாவது மாற்று என்று எழுதுங்கள். கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதி, மேலே டேப் ஒட்டுங்கள். மார்க்கர் மை எதனோல் பட்டதும் அழிந்துவிடும்.